முக்கொம்பு வினோத சபையின் மேகம்

ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயல் ஓய்ந்ததும் நாகப்பட்டினத்துத் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய தைரியராஜுடன் ஒரு மேகமும் ரயிலேறித் திருச்சிக்கு வந்தது. இரட்டைக் கட்டில் அளவு இருக்கும். பாலக்கரையில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக்குள் அவருக்கு முன்னால் நுழைந்து, உத்தரத்தடியில் இடம் பிடித்துக்கொண்டது. அவர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. மேகமும் தினமும் கூடவே வேலைக்குப் போனதில் ஒரு வேகன் சிமெண்டு கல்லாகி, அவருடைய உத்தியோகம் போயிற்று. அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. நாற்பது வயதுவரை கல்யாணம் காட்சி என்று எதுவும் கூடிவராத மனுஷர். தன்னை நம்பி ஒன்று வந்திருக்கிறதே என்பதில்தான் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஊரில் அப்போது இதேபோலப் பிழைப்புக் கெட்டவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்ரீரங்கம் தேசிகாச்சாரி கல்யாணங்களுக்குத் தளிகை பண்ணுகிற சமையல்காரர். அவர் ஒரு பதார்த்தத்தை வாயால் சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்கு நாக்கில் ருசி தட்டி வயிறு நிறைந்துவிடும். ஒரு வைகுண்ட ஏகாதசியன்று யாரோ கேட்டார்களே என்று அக்காரவடிசலின் பக்குவத்தைத் தெருவில் நின்று சொல்லப்போக, விரதமிருந்த வீதி மொத்தமும் ஏப்பம் விட்டது. அதற்கப்புறம் அவரைத் தளிகைக்கு யார் கூப்பிடுவார்கள்? இன்னொருத்தி ஜீனத். அத்தா விட்டுப்போன பந்தல் வாடகைக் கடையை அவள்தான் நடத்தினாள். அவள் கையால் கட்டிய ஷாமியானாவுக்குள் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் சின்னதாகவே தெரியும். ஊர் பார்த்து வாய் பிளக்காத பந்தலை எந்தச் சம்பந்தி வாடகைக்கு எடுப்பார்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த மூவரும் கூட்டுச் சேர்ந்து, தெப்பக்குளத்துக்கு எதிரே ஒரு மாடியில் 'முக்கொம்பு வினோத சபை' என்று போர்டு மாட்டினார்கள். ஜீனத் பந்தல் கட்டுவாள், தேசிகாச்சாரி விருந்தைச் சொல்வார், தைரியராஜின் மேகம் சபையோர் மேல் பன்னீர் தெளிப்பதைப்போலத் தூறும். பள்ளிக்கூட ஆண்டு விழா, தேர்ப் பவனி, சந்தனக்கூடு எதுவானாலும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அக்கினி நட்சத்திரத்தில் வயிறு நிறைந்து, மேலே சாரல் விழ, பக்கத்தில் யாரென்று தெரியாமலே தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களைப் பற்றி அந்நாளையத் திருச்சிக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாரல் விழுகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார்.

சபைக்கு ஒரே ஒரு சட்டம்: மேகத்தின் காதுபடக் கடலைப் பற்றிப் பேசக்கூடாது. பிறந்த வீட்டு நினைப்பு வந்து அது போய்விடும் என்று தைரியராஜுக்குப் பயம். தேசிகாச்சாரிக்கோ எந்தச் சாமானையும் அது விளைந்த இடத்திலிருந்து தொடங்கித்தான் சொல்ல வரும். அரிசியென்றால் மண்ணச்சநல்லூர் மில்லுக்குப் போவார், அங்கிருந்து வயலுக்குப் போவார். உப்பென்றால் உப்பளத்துக்குப் போகவேண்டும். அளத்தை அடுத்துக் கடல். அதனால் உப்பையே விட்டுவிட்டார். "எல்லாம் பிரமாதம், உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்று ஊர் ஊராகச் சொல்லக் கேட்டுச் சிரித்து மழுப்பினார். சமையல்காரருக்கு அதைவிடத் தலைகுனிவு வேறில்லை; சிநேகிதத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

மேகம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இளைத்து, அறுபத்தைந்தாம் வருஷத்தில் தலையணை அளவுக்கு வந்துவிட்டது. தைரியராஜ் அதற்குக் காவிரித் தண்ணீரைக் காட்டிப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை அதோட ஊருக்குப் போயிட்டு வந்தா தேறிடும்ண்ணே" என்றாள் ஜீனத்.

"போனா வராதும்மா" என்றார் அவர்.

அந்த வருஷம் மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்துப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் கூப்பிட, மூவரும் போனார்கள். சுற்றுவட்டாரமே ஆடுமாடோடு வந்து ஷாமியானாவுக்குள் உட்கார்ந்தது. தேசிகாச்சாரி ரசத்தை, அவர் பாஷையில் சாத்தமுதை, ஆரம்பித்தார். மிளகும் புளியும் கொதித்து நுரைகூட்டி வரும்போது, முன்வரிசையில் இருந்த மூக்கன் என்ற குடியானவர், "சாமி, உப்புப் போடலீங்களா?" என்றார். பணிவாகத்தான் கேட்டார். தேசிகாச்சாரி அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். பார்த்ததும் சட்டம் மறந்துபோயிற்று. வேதாரண்யத்துப் பாத்தியில் உப்பு வெளுப்பதில் தொடங்கி, வாய்க்காலோடு நடந்து, அலைக்குள் இறங்கிவிட்டார். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டியது. மேகம் தூறலை நிறுத்தியது. படுதா விளிம்புக்கடியில் நுழைந்து கிழக்கே நகர்ந்தது. தைரியராஜ் ரோட்டில் ஓடி, "நில்லும்மா, நில்லும்மா" என்று கூப்பிட்டார். ஒரு புளியமரத்துக்கு மேலே நின்று பார்த்துவிட்டு, அது போய்விட்டது.

"உமக்கு நாக்குதான் பெரிசா போச்சா ஐயங்காரே?" என்று கேட்டார் அவர்.

"பசிச்சவன் உப்புக் கேக்கறச்சே இல்லேன்னு சொல்ல வரலையே ஓய்" என்றார் தேசிகாச்சாரி.

அதற்குப்பின் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே மாடிப்படியில் ஏறினார்கள், எதிரெதிரே உட்கார்ந்தார்கள், ஜீனத் நடுவில் இருந்து செய்தி சொன்னாள். சொட்டுச் சத்தம் இல்லாமல் தைரியராஜுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காய்ந்த பாயில் புரண்டுகொண்டே, தன் அறைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே அதை வளரவிடாமல் வைத்திருந்தோமோ என்று நினைத்து நினைத்து மாய்ந்தார். அந்த நினைப்பு மேகம் போனதைவிட அதிகமாக வலித்தது.

மறு வருஷம் ஐப்பசியில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு முனை பொன்மலைக்கு மேலும் இன்னொரு முனை ஸ்ரீரங்கத்துக்கு மேலுமாக ஒரே மேகம். இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தைரியராஜ் மாடியில் நின்று பார்த்தார். இருந்தாலும் வாய்ப் பழக்கமாய், "வந்துட்டியாம்மா?" என்றார். வானம் மொத்தமும் ஒரு ஆள் உயரம் கீழே இறங்கியது. அவர் வாய்விட்டு அழுதார். தெருவில் போனவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதார். பிறகு படியிறங்கிக் காவிரிப் பாலத்தில் நடந்தார். மழையும் அவரோடு பாலத்தைக் கடந்தது.

தேசிகாச்சாரி கதவைத் திறந்தார். நனைந்து நிற்கும் ஆளைப் பார்த்தார், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"மருங்காபுரி வரைக்கும் போகணும். வர்றீரா?"

"சித்த இரும். வேஷ்டிய மடிச்சுக் கட்டிண்டு வந்துடறேன்."

ஜீனத்தையும் கூட்டிக்கொண்டார்கள். பஸ் வேகத்துக்கு அவ்வளவு பெரிய மேகத்தால் ஈடுகொடுக்க முடியாது என்பதால், மதுரை ரோட்டில் மூவரும் நடந்தே போனார்கள். அவர்கள் வருவதைத் தூரத்தில் பார்த்ததும், வழியிலிருந்த விராலிமலைக்காரர்கள் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.