பதினொரு நிமிடத் தீப்பயிற்சி

யுத்தம் முடிந்த மறுவருடம், வாவிக்கரைத் தையல் ஆலையில் முதன்முதலாகத் தீப்பயிற்சி நடந்தது. ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் சனம் ஆயத்தமாகிவிடுமாம்.

காலை பத்து மணிக்குச் சைரன் அலறியது. கொழும்பிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி, மணிக்கூட்டும் கையுமாக முற்றத்தில் நின்றார். இருநூறு பெண்கள் ஓடி வரவேண்டும். ஒருத்தியும் வரவில்லை.

உள்ளே பாதிப் பேர் மேசைகளுக்குக் கீழே குப்புறக் கிடந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஷெல் குண்டுகள் விழுந்த செல்லடி காலத்தில் அப்படித்தான் உயிர் தப்பினார்கள். கடலோரக் கல்குடாப் பெண்கள் மாடிக்கு ஓடினார்கள். சுனாமியில் கடல் வந்த அன்று உயரத்தில் ஏறியவர்கள்தான் மிஞ்சினார்கள். நெருப்புக்கு என்ன செய்வதென்று மட்டும் எவரும் சொல்லித் தரவில்லை. அறிவித்தல் பலகை இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெகு அழகாக இருந்தது.

தக்ஷாயினி மட்டும் பலகையின் அம்புக்குறியை நம்பிப் பின்கதவுக்கு ஓடினாள். கதவில் தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டு. இரண்டு கையாலும் அடித்தாள். புகையில்லை, நெருப்பில்லை; ஆனாலும் மூச்சு முட்டியது.

பதினொரு நிமிடம் கழித்து எல்லாரையும் முன்வாசலால் கூட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினார்கள்.

“மாடு கூட நெருப்பெண்டா வெளிய ஓடும்,” என்றார் முகாமையாளர் நல்லரத்தினம்.

“மாட்டுக்கு ஆருகா செல்லடிச்ச?” என்றாள் மேசைக்கடியில் கிடந்து வந்த இராசாத்தி, பாவாடையில் தூசு தட்டியபடி.

அதிகாரி படிவத்தை நிரப்பினார். ‘தாமதத்துக்கு மனிதக் காரணி: ஊழியரின் அறியாமை.’ ஊழியர் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும். இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவளென்று தக்ஷாயினியைக் கூப்பிட்டார்கள்.

அவள் வாசித்தாள். “பின்கதவு பூட்டியிருந்தத எழுதல்லியே சேர்?”

“அது வேற விசயம் புள்ள,” என்றார் நல்லரத்தினம். “துணி களவு போகுது.”

“சாவி எங்க?”

“என்ட காருக்குள்ள.”

“கார்?”

“ஏறாவூர்ல. டிரைவர் டயர் மாத்தப் போயிருக்கான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தக்ஷாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கை காந்தியது. இருநூறு பேரின் உயிர் ஏறாவூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்தது.

“சும்மா படிவம்தானே, தங்கச்சி,” என்று அதிகாரி பேனாவை நீட்டினார்.

வாங்கினாள். ‘ஊழியரின் அறியாமை’யை வெட்டிவிட்டு ‘நல்லரத்தினம்’ என்று எழுதினாள்.

“மனிதக் காரணி கேட்டிருக்கீங்க. மனிசன்ட பேர எழுதியிருக்கன்.”

“நாளைக்கு உனக்கு இஞ்ச வேலையில்ல!” என்று கத்தினார் நல்லரத்தினம்.

“நாளைய கதைய நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு அந்தப் பூட்டக் கழட்டாம நான் உள்ளுக்குப் போகமாட்டன்.”

மணலில் குந்தினாள். “அங்கால அரக்கி இரு புள்ள,” என்று அவளை நகர்த்தி இராசாத்தியும் பக்கத்தில் அமர்ந்தாள். பிறகு கல்குடாக்காரர்கள். பிறகு எல்லாரும்.

பின்னேரம் சட்டைகள் கொழும்புக்கு லொறி ஏறவேண்டும். நல்லரத்தினம் லொறியைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார். கார் வரவில்லை. கடைசியில் இரும்பறுக்கும் வாளோடு அவரே பின்கதவுக்குப் போனார்.

நல்ல பூட்டு. நாற்பத்திரண்டு நிமிடம் பிடித்தது.

“அந்தக் கணக்கையும் எழுதுங்க சேர்,” என்றாள் தக்ஷாயினி அதிகாரியிடம்.