கம்பியைப் பிடிக்காத அம்மா

அம்மா கம்பியைப் பிடிக்க மாட்டேன் என்றாள். வாயால் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளுக்குப் பேச்சே இல்லை, "ங்ஙா" என்று ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், விசிறியை நிறுத்து என்றாலும் அதுதான். கேட்கிறவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டில் கேட்கிறவர்கள் இருந்த லட்சணத்தை என்னவென்று சொல்வது?

கம்பி என்பது புதுக் குளியலறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் பதித்திருந்த எவர்சில்வர் கைப்பிடி. அம்மாவுக்கு வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. இடது கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் இருமுறை எழுந்து நிற்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் நிற்கப் பழகாவிட்டால் கால் விறைத்துப்போகும், பிறகு ஜென்மத்துக்கும் படுக்கைதான் என்று பயிற்சி கொடுக்கும் அம்மணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. அம்மா கம்பியைத் தொடுவாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள், "ங்ஙா" என்பாள்.

பிள்ளைகள் இருவரில் மூத்தவள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஒரு நாள் வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "உனக்கு நடக்கணும்னு எண்ணமே இல்லம்மா. எங்க உயிரை வாங்கறதுதான் உன் வேலை" என்று சொல்லியே விட்டாள். தம்பிக்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். அம்மாவின் கையைப் பிடித்துக் கம்பியோடு சேர்த்து அழுத்தினான். அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "நல்லா நடிக்குது" என்றான் அவன். அடுத்த கணம் அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் குளியலறை எழும்பிய கதையையும் சொல்ல வேண்டும். வொயரிங் வேலையைத் தம்பிக்காரனின் சிநேகிதன் எடுத்துக்கொண்டான். ஊரில் அவனுக்கு டெஸ்டர் என்று பேர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அதை அவன் காது குடைவதற்குத்தான் பெரும்பாலும் எடுப்பான்.

மூத்தவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அவன் மேல் நம்பிக்கையில்லை. மருந்துக் கிடங்கில் வேலை அவளுக்கு. வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையில் தேதி லேசாக மங்கியிருந்தாலும் பெட்டியையே திருப்பி அனுப்புகிற ரகம். "லைசென்ஸ் உள்ளவர் வந்து சோதிச்சு சர்டிபிகேட் தரணும், இல்லாட்டி அம்மாவை உள்ளேயே விடமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். "இன்ஸ்பெக்டரம்மா உத்தரவு போட்டுட்டாங்க" என்று தம்பி கேலி செய்தான். நாலு நாள் கழித்து டெஸ்டர் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். பதினோரு கட்டங்கள், பதினொன்றிலும் டிக், அடியில் லைசென்ஸ்காரரின் கையெழுத்து, நீலத்தில் முத்திரை. மூத்தவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய ரப்பர் செருப்பு வார் அறுந்துபோனது. புதுத் தளம் வழுக்குகிறது என்று தம்பியும் அவளும் குளியலறைக்குள் ரப்பர் செருப்பில்லாமல் போனதே கிடையாது. அம்மாவுக்கு மட்டும் செருப்பு இல்லை, இழுத்து வைக்கிற காலில் செருப்பு தங்காது. அன்று மூத்தவள் வெறுங்காலோடு உள்ளே போனாள். தரையெல்லாம் தண்ணீர். நாற்காலியைத் தள்ளி வைக்கக் குனிந்தவள், நிமிரும்போது கம்பியைப் பிடித்தாள்.

விரலிலிருந்து முழங்கை வரை சுரீர் என்று ஏறியது.

கையை உதறிக்கொண்டு வெளியே வந்து கூடத்தில் அப்படியே நின்றாள். முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. நாற்பத்தைந்து நாள், நாளுக்கு இரண்டு வேளை. ஒவ்வொரு வேளையும் அம்மா சொல்லியிருக்கிறாள், தனக்கு மிஞ்சிய ஒரே சத்தத்தால் சொல்லியிருக்கிறாள். இவர்கள் இருவரும் செருப்புப் போட்ட காலோடு நின்று புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பீரோவைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்தாள். கிடங்கில் பார்ப்பதுபோல முதலில் தேதியைப் பார்த்தாள். ஒன்பதாம் தேதி சோதனை செய்ததாக எழுதியிருந்தது. வொயர் போடச் சுவரை உடைக்க ஆரம்பித்ததே அந்த மாதம் பதினாலாம் தேதி; அன்றைக்கு அவள் லீவு போட்டுக் கூடவே நின்றிருந்தாள். இல்லாத வொயரைச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று ஒரு மனுஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அடுத்தவர் பெட்டிக்கெல்லாம் தேதி பார்க்கிறவள், தன் அம்மாவுடைய பேப்பரில் முத்திரையை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டாள். அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

டெஸ்டருக்குப் போன் செய்தாள். ஈரமிருந்தால் லேசாக அடிக்கத்தான் செய்யும் என்று அவன் சாவகாசமாகச் சொன்னான். குளியலறையில் ஈரம் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று கேட்டதும் அவன் போனை வைத்துவிட்டான். தம்பி விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்துப்போனான். ஆனாலும் சிநேகிதனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பெரிசுபடுத்த வேண்டாம், அவனையே கூப்பிட்டுச் சரிபண்ணிவிடலாம் என்று சப்பைக்கட்டு கட்டினான். மூத்தவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் லைசென்ஸ்காரரின் அலுவலகத்துக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. மேஜை மேல் அதே ஃபாரங்கள் ஒரு கட்டு இருந்தன. எதிலும் வீட்டு முகவரி இல்லை, தேதி இல்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து மட்டும் இருந்தது, டிக்கும் இருந்தது. காலையில் டீ ஆறுவதற்குள் முப்பது வீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்து முடித்திருக்கிறார் மகானுபாவர். கறுப்புச் சாயம் பூசிய மீசையும் பவ்யமான பேச்சுமாக அவர், தேதி விஷயம் எழுதும்போது நேர்ந்த கைப்பிழை, வேறு பேப்பர் போட்டுத் தருகிறேன், உட்காருங்கள் என்றார். வேறு பேப்பர் வேண்டாம், நேரில் வந்து பாருங்கள், வராவிட்டால் இந்தக் கட்டோடு மின்துறை அலுவலகத்துக்குத்தான் போவேன் என்றாள். கட்டில் நாலைந்தை அதற்குள் அவள் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். அவர் வண்டிச் சாவியைத் தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் மெயின் போர்டைத் திறந்து காட்டினாள். "ஏழாவது கட்டத்துல, ஷாக் அடிச்சா உடனே கரண்டை நிறுத்தற டிரிப் சுவிட்ச், சோதிச்சுப் பார்த்தேன், சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது எதுன்னு காட்டுங்க."

அவர் போர்டை மேலும் கீழும் பார்த்தார். இருந்தால்தானே காட்ட. பையன் மாட்டியிருப்பான் என்று நினைத்ததாக முணுமுணுத்தார். மூத்தவள் குளியலறைத் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மெயினைப் போட்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் அந்தக் கம்பியைப் பிடிங்க. கையெழுத்துப் போட்ட கையாலேயே பிடிங்க."

அவர் வாசலைத் தாண்டவில்லை. கூடத்தில் சக்கர நாற்காலியிலிருந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதும்மா... பேப்பர் வேற, இது வேற" என்றார்.

"எங்கம்மா பிடிச்சாங்க. ஒன்றரை மாசமா, வேளை தவறாம பிடிச்சாங்க. உங்க பேப்பரை நம்பி நாங்கதான் பிடிக்க வச்சோம்."

தம்பி சுவரோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். லைசென்ஸ்காரர் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிய பிறகு அவனே போய் மெயினை அணைத்தான். டெஸ்டரின் நம்பரைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னான்.

மூத்தவள் அன்றைக்கே மின்துறையில் புகார் எழுதிக் கொடுத்தாள், வெற்றுக் கையெழுத்துப் பேப்பர்களையும் சேர்த்து. எட்டு நாள் கழித்து, விசாரணை முடியும்வரை அவருடைய லைசென்ஸை நிறுத்தி வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அதற்குள் புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் அம்மாள் சுவரைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வொயர் நேராக இறங்க வேண்டிய இடத்தில், நீளத்தை மிச்சம்பிடிக்க டெஸ்டர் குறுக்காக இழுத்திருந்தான். கம்பியை மாட்டியவர் அங்கே வொயர் இருக்கும் என்று கனவா கண்டார்? அவர் அடித்த திருகாணி வொயரின் தோலை உரசிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் அம்மா அன்றைக்கே போயிருப்பாள் என்றார் அந்த அம்மாள், சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

எல்லாம் மாற்றியதும் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மீட்டரை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஒவ்வொரு புள்ளியாகச் சோதித்தார். டிரிப் சுவிட்ச் 'டப்' என்று விழுவதை மூத்தவளைக் கூப்பிட்டு ஐந்து முறை காட்டினார். மூன்று பக்கச் சான்றிதழ் கொடுத்தார். தேதி, நேரம், அளவு எல்லாம் அவர் முன்னாலேயே சரிபார்த்து வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அம்மா கம்பியைப் பார்த்ததும் இடது கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மூத்தவள் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். அம்மா ஒரு காலத்தில் தினம் செய்தித்தாளை வரி விடாமல் படித்தவள். மூன்று பக்கத்தையும் பார்த்தாள். "ங்ஙா" என்றாள். கை வெளியே வரவில்லை. இந்த வீட்டில் பேப்பரை நம்பி அவளை ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது.

மூத்தவள் செருப்பைக் கழற்றி வெளியே எறிந்தாள். தம்பியும் கழற்றினான். தண்ணீர் தேங்கிய தரையில் இருவரும் வெறுங்காலோடு நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்கள். அம்மா அவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, தெரியாது.

"நீ நடிக்கலம்மா. நாங்கதான் கேக்கல" என்றாள் மூத்தவள்.

அம்மாவின் இடது கை மெதுவாக வெளியே வந்தது. கம்பியை அது தொடவில்லை. கம்பியைப் பிடித்திருந்த மகளின் கை மேல் வந்து இறுக்கிக்கொண்டது. அந்தக் கையைப் பிடித்தபடி அம்மா எழுந்து நின்றாள்.