சாராவின் முத்திரை

1704 பிப்ரவரியிலிருந்து சாரா கிராஃபின் பன்றிக்கொழுப்புப் பாளம் குறையவே இல்லை. எங்கள் திரான்சில்வேனிய ஊரான ஷேர்ன்டோர்ஃபில் எல்லா வீட்டுப் பாளங்களும் கோட்டையின் தெற்குக் கோபுரத்தில்தான் தொங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காவலர் யோஹான் கதவைத் திறப்பார். அவரவர் வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டு, வெட்டிய விளிம்பில் வீட்டு முத்திரையைக் குத்திவிட்டுப் போவார்கள். சாரா வெட்டிய இடம் மட்டும் அடுத்த ஞாயிறுக்குள் வளர்ந்துவிடும். ஊர் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்னேத்தா ஷோப்பலால் முடியவில்லை. அவள் பாளம் ஈஸ்டருக்கு முன்பே தீர்ந்துவிடும் போலிருந்தது.

ரொட்டிக்குப் புளித்த மாவு இரவல் வாங்கப் போன அக்னேத்தா, ஜன்னலோரம் கிடந்த சாராவின் முத்திரையை எடுத்துவந்து, அந்த ஞாயிறு தன் பாளத்தின் விளிம்பில் குத்தினாள். அடுத்த வாரம் அது முழுசாக, கொழுகொழுவென்று தொங்கியது. அவள் கத்தியை எடுத்தாள். யோஹான் கையைப் பிடித்தார்.

"முத்திரை யாரோடதோ பாளமும் அவங்களோடது. உனக்குத் தெரியாதாம்மா?"

"என் கொக்கியில தொங்குதுய்யா!"

"கொக்கி ஊரோடது."

பெண்கள் சிரித்தார்கள். சாரா முன்னால் வந்தாள். "திருடினதெல்லாம் இருக்கட்டும்டி. வாயத் திறந்து கேளு, வாராவாரம் நானே வெட்டித் தரேன்."

"மக்காச்சோளக் கஞ்சியக் குடிச்சே சாவேன். உங்கிட்டயா கேப்பேன்?"

முப்பத்தொரு ஆண்டுகள் கஞ்சிதான் குடித்தாள். ஞாயிறுதோறும் வந்து பாளத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனாள். அவள் கேட்காமல் சாராவும் அதில் கத்தி வைக்கவில்லை. வெட்டுவாரில்லாமல் அது நீண்டு தரையைத் தொட்டது. எலி ஏறாமலிருக்கக் கொக்கியை உயர்த்தினார்கள். கொக்கிக்காகக் கூரையை உயர்த்தினார்கள். சாரா பிள்ளையில்லாமல் இறந்தாள். முத்திரையும் அவளோடு குழிக்குள் போனது. அடுத்த இலையுதிர் காலத்தில் அக்னேத்தாவும் போய்ச் சேர்ந்தாள்.

அதன்பின் கூரை ஒன்பது முறை உயர்ந்தது. ஆட்சிகள் மாறின, ஒவ்வொரு ஆட்சியின் பொறியாளரும் கோபுரத்தை அளந்து, முந்தியவர் தவறாக அளந்ததாக எழுதிவைத்தார். ஷோப்பல் வம்சத்தில் மிஞ்சியவள் ரெகீனா, இப்போது நியூரம்பர்க்கில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் இப்போதைய காவலரிடம் தொலைபேசியில் பேசுகிறாள்.

"எவ்வளவு வளந்திருக்கு?"

"நாலு விரக்கடை."

"செத்து முந்நூறு வருஷமாகப் போகுது, இன்னும் அவளோடதாவே இருக்கு பாருங்க" என்கிறாள் ரெகீனா, வயிறெரிய. காவலர் ஆமாம் என்கிறார். பிறகு கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புகிறார்.