பன்னிரண்டுக்கு எட்டு

கதவைக் கழற்றாமல் பெட்டி உள்ளே போகாது என்று தெரிந்ததும் ஜெனேசியோ தானே திருப்புளியை எடுத்தான். அந்த வாசலைக் குறுகலாகக் கட்டியவனும் அவன்தான். “நம்ம வீட்டுக்கு என்ன லாரியா வரப்போகுது?” என்று அன்றைக்குப் பெரிய கொத்தனாராட்டம் கேட்டிருந்தான். இப்போது ஒவ்வொரு திருகாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவை முற்றத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கு பேராகச் சேர்ந்து அவன் மனைவி லின்டால்வாவின் சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள்.

நேற்றுக் காலை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டு வாசலில், தோளிலிருந்த பையை இறக்கும்போதே விழுந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தொன்பது வயதுதான்.

பத்தொன்பது வருடமாக அவள் சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போனவள். நூற்றுப்பதினெட்டு வீடுகளுக்கும் மாதம் ஒரு தடவை போவாள். ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். வீட்டிலுள்ளவர்களின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, அதில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நூற்றிருபதுக்கு எண்பது என்பதை அங்கே பன்னிரண்டுக்கு எட்டு என்றுதான் எழுதுவார்கள். எந்தப் பகுதியில் குடியிருக்கிறாளோ அந்தப் பகுதியைத்தான் கொடுப்பார்கள். ஆகவே அவளுடைய சொந்த வீடும் அவள் கணக்கில்தான் இருந்தது. கடைசி வீடு.

பக்கத்துப் பகுதியில் இதே வேலை பார்க்கும் ரோசில்தா, சுகாதார நிலையத்து நீல மேலங்கியோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். சாய்த்திருந்த கதவின் முன்னால் அவள் நின்றதை ஜெனேசியோ பார்த்தான். அட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தவள், சட்டென்று கதவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்ப முயன்றாள்.

“எதுக்குத் திருப்புற?”

“ஒண்ணுமில்லண்ணே. வெயில் படுது.”

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவன் பெயருக்கு நேரே பதினைந்துக்கு ஒன்பது, பதினேழுக்குப் பத்து, பதினான்குக்கு ஒன்பது என்று மாதாமாதம் ஏறி இறங்கியது. அவள் பெயருக்கு நேரே பன்னிரண்டுக்கு எட்டு. அடுத்த மாதமும் பன்னிரண்டுக்கு எட்டு. அட்டையிலிருந்த நான்கு வருடமும் அதேதான். அழகான கையெழுத்து.

“யாருக்குமே இப்படி ஒரே மாதிரி வராதுண்ணே,” என்றாள் ரோசில்தா மெல்ல. “அவ பாக்கவே இல்ல. சும்மா எழுதியிருக்கா.”

ஜெனேசியோவுக்கு நினைவு வந்தது. எத்தனை நாள் தலைவலியென்று தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தாள்! வெயில் என்பாள். அவனும் ஆமாம், வெயில் என்பான். பாவி, காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆமாம் என்பான்.

உள்ளே ஜெபமாலை ஒரு சுற்று முடிந்து, பேச்சு ஆரம்பித்திருந்தது. தெருவே ‘தோனா’ என்று மரியாதையாகக் கூப்பிடும் எதிர்வீட்டு சுல்மிராவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. எழுபது வயது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரண்டும் உண்டு.

“ஊருக்கெல்லாம் பிரஷர் பாத்தவ பிரஷர்லயே போயிட்டா. அவளுக்கே உதவாத மருந்து நமக்கு என்னத்தக் கிழிக்கப்போகுது? காலைலயே எல்லாத்தயும் கோழிக்குப்பைல வீசிட்டேன்!”

“நானும் நிறுத்தப்போறேன்,” என்றது ஒரு கிழவரின் குரல். இன்னும் இரண்டு பேர் ம் கொட்டினார்கள்.

ரோசில்தாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஒரே வாரத்துல இன்னொரு பெட்டி வரும்ணே. ஆனா நான் எப்படிச் சொல்றது? அவ பேரு கெட்டுப்போயிடும். நீங்க சொல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

அவன் உள்ளே பார்த்தான். லின்டால்வாவுக்கு யாரோ தலைவாரி நீல மேலங்கியையே போட்டுவிட்டிருந்தார்கள். அவள் பேச்சுக்கு இந்தத் தெருவில் மறுபேச்சு இருந்ததில்லை. அந்தப் பேரைத் தவிர அவளுக்கு என்ன சொத்து இருந்தது? இன்று நான்கு மணிக்கு அவளைப் புதைப்பதற்குள் அதையும் அவனே புதைக்க வேண்டுமா?

கதவைத் தூக்கினான். ஒற்றை ஆளாக உள்ளே கொண்டுவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க நிறுத்தினான்.

“அவ மருந்து தின்னு சாகல. மருந்தே தின்னல. இத பாருங்க, எல்லாம் பொய்.”

“ஜெனேசியோ! செத்துக் கெடக்குறவளப் பொய்க்காரிங்கிறியா?” சுல்மிரா எழுந்துவிட்டாள். “நீயெல்லாம் ஒரு புருஷனா?”

“ஆமா, பொய்தான் எழுதியிருக்கா. எனக்கு மாத்திரை குடுத்துட்டு, முழுங்குனேனான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தவ. தனக்கு மட்டும் நாலு வருஷமா பாக்கவே இல்ல.” சுல்மிராவின் பக்கம் திரும்பினான். “நானும் கேக்கல, தோனா சுல்மிரா. ஒரு தடவகூட உனக்கு எவ்வளவுன்னு கேக்கல.”

சுல்மிரா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். போகட்டும் என்று அவன் பெட்டியருகே உட்கார்ந்தான். லின்டால்வாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கால்மணி நேரம் கழித்துக் கிழவி திரும்பி வந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் கோழிக்குப்பை ஒட்டியிருந்தது. பைமேல் மஞ்சள் நூலால் ஒரு சூரியன் தைத்திருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரைக்குச் சூரியப்பை, ராத்திரி மாத்திரைக்கு நிலாப்பை என்று லின்டால்வா தைத்துக் கொடுத்தவை. சுல்மிரா பெட்டிக்கு நேரே நின்று, பையிலிருந்த மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள்.

“தண்ணி குடுங்கடி யாராச்சும்.”

விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் பெட்டியைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள். பிறகுதான் ஓவென்று அழுதாள்.

புதைத்துவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜெனேசியோ சட்டைப்பையிலிருந்து திருகுகளை எடுத்துக் கதவை மாட்டினான். ரோசில்தா பிடித்துக்கொண்டாள். பிறகு லின்டால்வாவின் பையிலிருந்த கருவியை எடுத்து அவன் கையில் பட்டையைச் சுற்றினாள். பதினெட்டுக்குப் பதினொன்று.

“நேத்தும் இன்னிக்கும் மாத்திரை போடலையாண்ணே? இப்பவே போடுங்க.”

போட்டான். அவள் அட்டையில் தேதியிட்டு அவன் எண்ணை எழுதினாள். அடுத்த பெயருக்கு நேரே பேனா ஒரு நிமிடம் நின்றது. ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டு, சைக்கிளை எடுக்கத் திரும்பினாள்.

“ரோசில்தா, உன் வீடு யாரு கணக்குல வருது?”

அவள் கையிலிருந்த சைக்கிள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காரு. கைய நீட்டு.”

“நேரமாச்சுண்ணே, இன்னொரு நாள்…”

“நீட்டுங்கிறேன்ல.”

உட்கார்ந்தாள். சிமெண்டு காய்ப்பேறிய விரல்களால் பட்டையை எப்படிச் சுற்றுவது என்று தெரியாமல் இரண்டு தடவை தப்பாகச் சுற்றினான். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பொத்தானை அழுத்தினான். கருவி உறுமத் தொடங்கியது. எண்கள் ஏறிக்கொண்டே போக, ரோசில்தா கதவுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.