பஸ்ஸுக்கு ஒரு புத்தகம், வீட்டுக்கு ஒரு புத்தகம்

மதுரையில் அந்தப் புத்தகக் கடையில் நின்றுகொண்டு, "ஒரு புஸ்தகம் போதும்" என்று திருப்பதி சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னான். அவன் வாய் அப்படி. போடியில் ஓடிய பஸ்களில் பாதிக்கு வயர் இழுத்தது அவன் கைதான். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவான். அந்த மிதப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

மற்றபடி தங்கமான மனுஷன். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். பஸ் ஷெட்டில் எல்லோரும் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்வார்கள். ஆயம்மாள் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கப் போகிறவள். தினம் ஜீப்பில் போய்த் திரும்புகிற தூரமில்லை அது. ஆடியில் மலையேறினால் தையில்தான் இறங்குவாள். அங்கே கூலியாட்கள் தங்குகிற லயத்தில் ஓர் அறைக்குள் நாலைந்து பெண்கள் முடங்கிக்கொள்வார்கள். புருஷனுக்கு அங்கே இடமேது? கல்யாணமானதிலிருந்து வருஷத்தில் பாதி அவள் மலையில், இவன் அடிவாரத்தில் என்றே போயிற்று. பிள்ளையும் இல்லை.

"நாம புருஷன் பொஞ்சாதியா மச்சான், இல்ல விருந்தாளியா?" என்று ஒரு தை மாதம் இறங்கி வந்தவள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம், அவன் வேலை பார்த்த பஸ் கம்பெனியில் ஒரு பழைய வண்டியை ஓரங்கட்டினார்கள். கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிவிட்டான் திருப்பதி. சீட்டுகளைக் கழற்றினான். பின்பக்கம் ஒரு கட்டில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுப்படி. ஜன்னலுக்கெல்லாம் ஆயம்மாளின் பழைய சேலைகள். பழம் எடுக்கிற மாதங்களில் தோட்டத்தில் நிறுத்திக்கொள்வது, முடிந்ததும் சொந்த ஊர் ராசிங்காபுரத்துக்கு ஓட்டி வந்துவிடுவது. மலையில் ஓடுகிற ஜீப்புகளுக்கு வயரிங் பார்த்தால் அவன் பிழைப்பும் நடந்துவிடும். இனிமேல் வருஷம் முழுக்க ஒரே கூரை. அது ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

தோட்டத்துக் கங்காணி அழகுமலை, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்திலேயே இடம் பேசிக் கொடுத்தான். ஸ்டோரில் கரண்டு இருந்தது. அங்கிருந்து ஓர் இழுப்பு இழுத்தால் பஸ்ஸுக்குள் விளக்கு எரியும். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சமைத்தவளுக்கு அதுதான் பெரிய ஆசை.

"மத்த எல்லாஞ் சோலியும் நீங்க பாருங்க மச்சான். மொத மொத சுவிட்ச மட்டும் நாந்தான் போடுவேன்."

"போடு தாயி. ஒன்னோட வீடு, நீ போடாம எவ போடுவா?"

பஸ் வயரிங் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வீட்டுக் கரண்டை மட்டும் அவன் கை தொட்டதே இல்லை. எதற்கும் ஒரு புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள் என்று ஆயம்மாள்தான் நச்சரித்தாள். இரண்டு பேரும் மதுரைக்கு ரயிலேறினார்கள்.

கடைக்காரர் சவுகத் அலி பொறுமைசாலி. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று இங்கிலீசு, வெள்ளைக்காரன் வண்டிக்குள் வீடு கட்டிக்கொண்டு திரிகிற படங்கள். அதில் ஒரு வண்டிக்குள் குளிக்கிற தொட்டியே இருந்தது. "இதுக்குத் தண்ணி யாரு செமக்கிறது?" என்று ஆயம்மாள் அதை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மீதி இரண்டும் தமிழ். ஒன்று மோட்டார் வண்டி வயரிங், அட்டையில் பஸ் படம். இன்னொன்று வீட்டு வயரிங்.

"வண்டியும் அதுதான், வீடும் அதுதான்ங்கிறீங்க. ரெண்டும் வேணும்ண்ணே" என்றார் சவுகத் அலி.

"டயரு இருக்கு, ஸ்டீரிங்கு இருக்கு. இது பஸ்ஸுண்ணே. பஸ்ஸுக்கு வீட்டுப் புஸ்தகம் எதுக்குங்கிறேன்? ஒரு புஸ்தகம் போதும்."

அவன் சொன்ன காரணம் அது. உண்மைக் காரணம் வேறு. வீட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு பக்கமும் அவனுக்குப் பிடிபடவில்லை. பஸ் புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் அவனுக்குத் தெரிந்ததையே சொன்னது. விளக்குக்கு ஒரு வயர்தான் போகும், கரண்டு திரும்பி வர பஸ்ஸின் இரும்பு உடம்பே போதும் என்று அதில் படம் போட்டிருந்தது. பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தெரிந்ததையே சொல்கிற புத்தகத்தைப் படிக்க யாருக்குத்தான் கசக்கும்? பெண்டாட்டிக்கு முன்னால் கத்துக்குட்டியாக நிற்க அவனுக்கு மனசு வரவில்லை. பாவி.

அதற்குள் ஆயம்மாள் வீட்டுப் புத்தகத்தில் ஒரு படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒருத்தி செருப்புக் காலோடு பலகை மேல் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கூத்தப் பாருங்க மச்சான். வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு நிக்கிறா!"

"பட்டணத்துக்காரி, அப்படித்தான் நிப்பா."

"கீழ என்னமோ எழுதியிருக்கு." ஆயம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படத்துக்குக் கீழே விரலை வைத்து "ஈ... ர..." என்று ஆரம்பித்தாள். "இதையும் எடுப்போமே மச்சான்."

"வண்டிக்கு நேரமாச்சு. வெரசா வா புள்ள" என்று அவள் விரலுக்கு மேலேயே புத்தகத்தை மூடினான் திருப்பதி. ஒரு புத்தகத்தோடு வந்தார்கள்.

வயரிங்கை அவன் அழகாகத்தான் செய்தான், அதைச் சொல்ல வேண்டும். ஒரு வயர் கோணலாக ஓடவில்லை. பஸ்ஸில் செய்கிற மாதிரியே விளக்குக்கு ஒரு வயர், திரும்புகிற வழிக்கு பஸ்ஸின் தகரம். ஷெட்டில் கரண்டு கொடுத்து, உள்ளே ஏறி, கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். ஷாக் ஒன்றும் அடிக்கவில்லை. அவன் காலில் எப்போதும் டயர் செருப்பு கிடக்கும்.

ஆவணியில் வண்டி மலையேறியது. ஸ்டோருக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது சாரல் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம். ஆயம்மாள் லயத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். திருப்பதி ஸ்டோருக்குள் போய் பிளக்கைச் செருகினான். இரண்டு முள் பிளக்கு. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் விளக்கு எரியும் என்பதுவரைதான் அவனுக்குத் தெரியும். அப்படித் திருப்பிச் செருகினால் வண்டியின் இரும்பு முழுக்கக் கரண்டு ஏறி நிற்கும் என்பது தெரியாது. பேட்டரிக் கரண்டு அவனை ஒருநாளும் கடித்ததில்லை.

வந்து தடதடவென்று பஸ்ஸுக்குள் ஏறினான்.

"மச்சான், செருப்போட ஏறுறீகளே!" என்று கீழே நின்று கத்தினாள் ஆயம்மாள்.

"பஸ்ஸுல ஏறுறவன் எவன் செருப்பக் கழட்டுறான்? ஏறி வா. சுவிட்சு காத்துக்கெடக்கு."

"பஸ்ஸா? இது நம்ம வீடுல்ல?"

ரப்பர் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

சத்தமே வரவில்லை. ஏறாமல் நிற்கிறாளே, விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். "ஏறு புள்ள" என்றான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்டோர் வாசலில் நின்ற அழகுமலை அலறிக்கொண்டு உள்ளே ஓடி பிளக்கைப் பிடுங்கியபோது அவள் கை கம்பியை விட்டது. சுவிட்சு போடப்படவே இல்லை.

"விதி மாப்ளே. நீ என்ன செய்வ?" என்று ராசிங்காபுரத்துச் சுடுகாட்டில் அழகுமலை சொன்னான். விதி என்றால் திருப்பதி அழுது ஓய்ந்திருப்பான். அவன் கை செய்த வயரிங் அது.

கருமாதி முடிந்ததும் தனியாக மதுரைக்குப் போனான். சவுகத் அலிக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அந்த வீட்டுப் புஸ்தகந்தானேண்ணே? தங்கச்சி அன்னிக்கே எடுக்கச் சொல்லுச்சே. எங்க, தங்கச்சிய வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

திருப்பதி காசை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். ரயிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். போகிற வயரும் வருகிற வயரும் தனித்தனி. இரும்பில் கரண்டு படவே கூடாது என்று முதல் பாடத்திலேயே போட்டிருந்தது. அந்தப் படத்தைத் தேடி எடுத்தான். ஆயம்மாள் விரல் வைத்த இடத்தில் தன் விரலை வைத்து, அவளைப்போலவே எழுத்துக்கூட்டிப் படித்தான். 'ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்.' உசிலம்பட்டி வருகிறவரை அந்த ஒரு வரியைத்தான் படித்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்து வேறு இடம் மாறிக்கொண்டாள்.

மறுநாள் மலைக்குப் போனான். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. சேலைத் திரைகள் நனைந்து ஜன்னலில் ஒட்டிக்கிடந்தன. ஸ்டோரிலிருந்து வந்த வயரை முதலில் அறுத்தான். உள்ளே ஓடியதையும் உருவி எடுத்துச் சுருட்டிப் பள்ளத்தில் எறிந்தான். சுவிட்சை மட்டும் கழற்ற மனசில்லை.

பிறகு கீழே இறங்கி நின்றான். படிக்கட்டு ஓரத்தில் ஆயம்மாளின் செருப்பு ஜோடியாக அப்படியே கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு, துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். தன் டயர் செருப்பைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"வந்துட்டேன் புள்ள" என்று சொல்லிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, வெறுங்காலோடு வீட்டுக்குள் ஏறினான்.