பத்தாம் இலக்கத்தில் குடிதண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. ‘இந்தச் சின்னத் தீவுக்கு விடுமுறையில் வந்தால் செய்ய வேண்டிய பத்துக் காரியங்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது காரியங்கள் கடலோரத்தில், ஒன்று மலையில். முதல் ஒன்பதையும் வாசித்தபோது, எழுதியவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர் என்று பட்டது. பத்தாவதை வாசித்தபோது, இவர் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் என்று பட்டது.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. விசாரிக்கக் கூச்சமாக இருந்தது. ஆகவே ஒருத்தியை உண்டாக்கினேன். பெயர் சுதர்ஷினி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டி இரண்டாவது தரிப்பில் இறங்கி, இடக்கைப் பக்கம் மேலே’

அதோடு நிறுத்திவிட்டேன். வழி சொல்லித் தொடங்குவது இந்தக் கதைக்கு ஆகாது. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: ‘பனி விலகியபோது’

வேண்டாம். மலையில் நடக்கும் கதை என்றால் பனி விலகித்தான் ஆக வேண்டுமா?

மூன்றாவது நிற்கிறது: சுதர்ஷினிக்கு ஒன்பது கிடைத்துவிட்டன. பத்தாவது அகப்படவில்லை.

2

சுதர்ஷினி விஞ்ஞானப் பட்டதாரி. இரசாயனம் படித்தவள். (நானும் விஞ்ஞானப் பட்டதாரிதான், ஆனால் தாவரவியல். அவளையும் என்னையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆசிரியர் நியமனம் வருகிற வரையில் கொழும்பிலுள்ள ஒரு சுற்றுலா இணையத்தளத்துக்குப் பட்டியல்கள் எழுதிக் கொடுத்தாள். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை. அதனாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கும் ஒரே கல்லின்மேல் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

கடலை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். ஒருமுறை பள்ளிக்கூடச் சுற்றுலாவில், ஒருமுறை கோயில் பயணத்தில். ஆனாலும் கடலைப் பற்றித் தயங்காமல் எழுதினாள். விடியற்காலையில் கடலாமை முட்டையிடும் இடம். படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது. பவளப்பாறைக்கு மேலே மிதப்பது எப்படி. ‘கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், முதலில்தான் எரியும்’ என்று எழுதினாள். தெரியாத ஒன்றை உறுதியாகச் சொல்ல, தெரிந்ததைச் சொல்வதைவிடக் குறைந்த துணிச்சலே போதும். (இது கட்டுரைக்குரிய வாக்கியம். எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

3

பட்டியல் பகல் நான்கு மணிக்குள் வேண்டும் என்று டோரீன் சொல்லியிருந்தாள். டோரீன் கொழும்பில் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவள். பத்தாவது, யாரும் இதுவரை எழுதாத இடமாக இருக்க வேண்டுமாம்.

மூன்றரை ஆகிவிட்டது. சுதர்ஷினி தலையைத் தூக்கினாள். தேயிலைக்கு மேலே, டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே, பாறையிலிருந்து தண்ணீர் இறங்கிக் கொண்டிருந்தது. அடியில் கிண்ணம்போலக் குழிந்த ஒரு பள்ளம். அதிலிருந்து குழாய் வழியாகச் சீமெந்துத் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து இருபத்தாறு வீடுகளுக்கும் வரும். தோட்டத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ‘மேல் தண்ணி’ என்பார்கள். அவள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தாள். தமிழில் சொன்னால் பனிக்கிண்ணம். வழி எழுதினாள். வரைபடத்தில் புள்ளியும் போட்டுக் கொடுத்தாள். கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்:

‘மானாப்புல் வளைவிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.’

அந்த வளைவில் முனியாண்டியின் கல் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் செருப்போடு போவதில்லை. சுதர்ஷினியும் நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அங்கே கழற்றித்தான் போயிருக்கிறாள். யோசித்து எழுதிய வரி அல்ல அது. அவளுடைய கால் எழுதிய வரி.

எழுதாமல் விட்டது வேறு. அங்கே குளிக்காதீர்கள் என்று எழுதவில்லை. சோப்புப் போடாதீர்கள் என்று எழுதவில்லை. இது குடிதண்ணீர் என்றும் எழுதவில்லை.

[இந்த இடத்தில் வாசகர் நம்பமாட்டார் என்று முதலில் பயந்தேன். இரசாயனம் படித்தவள் அதைக்கூட எழுதமாட்டாளா? இப்போது பயமில்லை. நம் வீட்டு முகவரியைக் கொடுக்கும்போது தண்ணீர்ப் பானைக்குள் கை விடாதீர்கள் என்றும் சேர்த்தா எழுதுகிறோம்?]

4

முதலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். படம் எடுத்தார்கள், போனார்கள். அடுத்த வாரம் எட்டுப் பேர். பௌர்ணமிப் போயா விடுமுறை சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தபோது கீழே ரோட்டில் மூன்று வேன்கள் நின்றன. வேன் தோட்டப் பாதையில் ஏறாது. வந்தவர்கள் சந்தியில் நின்ற ஆட்டோக்காரரிடம் போனைக் காட்டினார்கள். அவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அந்த ஆட்டோ யோகேஸ்வரனுடையது. அவர் மூன்றாம் லயத்துக்காரர். விடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுபவரும் அவர்தான்.

தண்ணீர்த் தொட்டி பேச்சியம்மாவின் பொறுப்பு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் வால்வைத் திறந்துவிடுவாள், பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து மூடுவாள். சுதர்ஷினியின் அம்மாவுக்கு அக்கா முறை. ஒரு காலையில் கோப்பையோடு வந்து நின்றாள்.

“புள்ள, இந்தத் தேத்தண்ணியக் குடிச்சுப் பாரு. பூ வாசம் வருதா இல்லையா? நான் என்ன பூவா போட்டு ஊத்துனேன்?”

சுதர்ஷினி குடித்துப் பார்த்தாள். பிறகு ஜாம் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடி, குலுக்கி, ஜன்னலில் வைத்தாள். நுரை எழுந்தது. ஒரு நிமிடம் கழித்தும் அடங்கவில்லை. எதனால் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வாரம், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம்.

பேச்சியம்மா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கூடியிருந்த பெண்களிடம் சொன்னாள்.

“வளைவுல செருப்பெல்லாம் வரிசையா கெடக்கு, கோயில் வாசல் கணக்கா. உள்ள சோப்புப் போட்டு ஆட்டம் நடக்குது. முனிக்குப் பயந்தவுங்க தண்ணிக்குப் பயப்படல பாரேன்.”

அந்தச் செருப்பு வரிசையிலிருந்துதான் பேச்சு வளர்ந்தது. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நம்மாள் எவனோ சொல்லியிருக்கிறான். ஏற்றிக்கொண்டு வருகிறவன் எவன்? விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

தோட்டத் தலைவர் செல்லசாமி கூட்டம் வைக்கும் வரையில் பொறுக்கச் சொன்னார். யாரும் பொறுக்கவில்லை. யோகேஸ்வரனின் ஆட்டோ பெரட்டுக் களத்துக்கு மேலே வரக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். அவருடைய மனைவி பீலியடியில் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் தள்ளிப் போயின. பதினொரு நாள்.

5

அந்தப் பதினொரு நாளும் சுதர்ஷினி பேசவில்லை. இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. நல்ல பெண் என்று நினைத்துத் தொடங்கிவிட்டு இவளை வைத்து என்ன செய்வது? கூச்சம் என்று எழுதினால் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அது முழுக்கக் கூச்சமல்ல. தோட்டத்தாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, கண்டுபிடிக்கமாட்டார்கள் என்ற எண்ணமும் அவளுக்குள் இருந்தது. அதை எழுதாவிட்டால் கதை பொய்.

முடிவு (அ): அவள் டோரீனுக்குச் செய்தி அனுப்புகிறாள். டோரீன் பத்தாவதை அன்றே எடுத்துவிடுகிறாள். கூட்டம் குறைகிறது, தண்ணீர் தெளிகிறது, நியமனக் கடிதம் வருகிறது.

இதை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். அத்தனை சுலபமாக வந்ததே சந்தேகம். அதற்குள் வேறு ஆறு தளங்கள் அந்தப் பட்டியலைப் படி எடுத்துவிட்டன என்பது ஒன்று. அந்த முடிவில் தண்ணீர் தெளிந்த பிறகும் யோகேஸ்வரனின் ஆட்டோ கீழேயே நிற்கிறது என்பது மற்றொன்று.

முடிவு (ஆ): பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதித் தொட்டியில் ஒட்டுகிறாள்.

நடக்காது. லயத்தில் யார் கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே அவளைக் கூட்டத்துக்கு அனுப்பினேன்.

6

ஞாயிறு பகல், மாரியம்மன் கோயில் முன்றல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யோகேஸ்வரன் கடைசியில் தூணோரம் நின்றார். பேச்சு இன்னும் தொடங்கவில்லை, சுதர்ஷினி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து யாரும் பார்த்ததில்லை. செல்லசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“என்னம்மா, வேல கெடைச்சிருச்சா?”

“இல்லீங்க.” குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “இல்லீங்க. மேல் தண்ணிய பத்தி எழுதுனது நான்தான். யோகேஸ் அண்ணன் இல்ல.”

என்ன எழுதினாள், எங்கே எழுதினாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்படியானால் வாசித்துக் காட்டச் சொன்னார் தலைவர். சுதர்ஷினி போனை எடுத்து ஒன்றாவதிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள். அந்த முன்றலில் இருந்த பெரும்பாலானோர், தாங்கள் இருக்கும் தீவில் விடுமுறைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அன்றுதான் கேட்டார்கள்.

ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு கடலைப் பார்ப்பது என்றதும் ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு. இருக்க இடமில்லாமல் தாங்கள் வழக்கமாகச் செய்வதுதானே என்றார்கள். திமிங்கிலம் வந்தது. முழுசாகத் தெரியுமா என்று செல்லசாமி கேட்டார். முதுகு மட்டும்தான் தெரியும் என்றாள் சுதர்ஷினி.

“முதுகப் பாக்கவா கடலு வரைக்கும் போறாங்க?” என்றாள் பேச்சியம்மா. “மலைக்கு வரச் சொல்லு புள்ள. நாங்க கூடையோட நூறு முதுகு காட்டுறோம்.”

சுதர்ஷினியும் சிரித்துவிட்டாள். பிறகு பத்தாவதுக்கு வந்தாள். பெயரைச் சொன்னாள், வழியைச் சொன்னாள், செருப்பைச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சியம்மாதான் பேசினாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“செருப்பக் கழட்டுங்கனு எழுதுன. கழட்டுனாங்க. குளிக்காதீங்கனு ஒரு வரி எழுதியிருந்தா குளிக்காமப் போயிருப்பாங்கல்ல. ஏன் எழுதல?”

“எழுதணும்னு தோணல பெரியம்மா. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

அதற்குமேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தொட்டியை இறைத்துக் கழுவுவது, வளைவில் மூன்று மொழியிலும் பலகை வைப்பது, எழுத்து சுதர்ஷினியுடையது என்று முடிவாயிற்று. படி எடுத்த ஆறு தளங்களுக்கும் அவளே எழுதிக் கேட்க வேண்டும். எல்லாம் சரியான முடிவுகள். பிறகு செல்லசாமி தூணோரம் திரும்பினார்.

“நீ என்னப்பா சொல்ற, யோகேஸ்?”

7

அவருக்காக நான்கு பதில்கள் எழுதினேன்.

ஒன்றில், பரவாயில்லை தங்கச்சி என்கிறார். ஒன்றில், எதுவும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுகிறார். ஒன்றில், பதினொரு நாள் குடத்தைத் தள்ளி வைத்தவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிடுகிறார். நான்காவது நன்றாகவே வந்திருந்தது, ஒரு பகடியோடு. அதைத்தான் வைத்திருந்தேன்.

கதையை மறுபடி முதலிலிருந்து வாசித்தபோது ஒன்றைக் கண்டேன். பேச்சியம்மா பேசுகிறாள். தலைவர் பேசுகிறார். வாய் திறக்காதவளை நானே எழுப்பிப் பேச வைத்திருக்கிறேன். கொழும்பில் இருக்கும் டோரீனுக்குக்கூட ஓர் ஆசை இருக்கிறது. யோகேஸ்வரன் ஒரு சொல்லும் பேசவில்லை. பழி வந்த அன்று அவர் ‘நான் இல்லை’ என்றாரா, ஏசினாரா, வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னார், ஒன்றும் எழுதவில்லை. லயத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. கதையில் நானும் கேட்கவில்லை. எனக்கும் அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்தால் போதுமாக இருந்தது.

நான்கு பதில்களையும் எடுத்துவிட்டேன். அவை நன்றாக இருக்கலாம். ஆனால் அவருடையவை அல்ல.

கூட்டம் காத்திருக்கிறது. சுதர்ஷினி இன்னும் உட்காரவில்லை. அவர் பேசி முடிக்கும் வரையில் உட்காரவும் மாட்டாள், அவ்வளவு எனக்கு அவளைத் தெரியும். யோகேஸ்வரன் தூணைவிட்டு இரண்டு அடி முன்னால் வருகிறார். எத்தனை நேரம் பேசுவார், என்ன பேசுவார், எனக்குத் தெரியாது. குறுக்கே பேச இருந்த ஒரே ஆள் நான். நான் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் இருந்து கேளுங்கள்.