கத்திக் கூப்பிட்டவள்

அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்கு மின்னல் சிஸ்டர் என்றுதான் பெயர். நடையில் அப்படி ஒரு வேகம். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகி அவளே படுக்கையில் விழுந்தபோது போட்ட வலி ஊசி, வலி போன பிறகும் அவளை விடவில்லை. நோயாளிகளுக்குப் போட்டது போக மிஞ்சுகிற மருந்தை யாருக்கும் தெரியாமல் தனக்குப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கையும் களவுமாக மாட்டினாள்; வேலை போனது.

போதை மீட்பு சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய கொடுமை. மகள் பரிசு வாங்கி வந்து காட்டினால்கூட மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. அடுப்பில் எதை வைத்தோம் என்பதே மறந்துபோனது.

"ஊசி கொடுத்த சந்தோஷத்துக்குப் பழகின மூளைம்மா," என்றார் ஆலோசகர். "சின்னச் சின்ன சந்தோஷம் அதுக்கு உறைக்க நாளாகும். ஆனா ஆறிக்கிட்டுதான் இருக்கு. அவசரப்படாதீங்க."

எதைப் பார்த்தால் ஆசை கிளம்பும், கிளம்பினால் என்ன செய்வது என்று இருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். முதல் வரி: தனியாக நிற்காதே.

பதினான்கு மாதம் கழித்து, மருந்து அலமாரிச் சாவியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அதே வார்டில் வேலை திரும்பக் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை. கால் முறிந்த லாரி டிரைவருக்கு டாக்டர் வலி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்; அவள் பக்கத்தில் உதவிக்கு நின்றாள். பக்கத்து அறையில் யாருக்கோ மூச்சுத் திணறல் என்று கூப்பிடவே, மீதி மருந்தை ஊசியோடு தட்டில் வைத்துவிட்டு ஓடினார். டிரைவருக்குக் கண் சொக்கிவிட்டது.

அவள் கண் தட்டிலிருந்த ஊசியை விட்டு நகரவில்லை. 'யாருக்குத் தெரியப்போகுது?' என்று உள்ளே ஒரு குரல் குழைந்தது. எத்தனை தடவை அதை நம்பி நாசமாகியிருக்கிறாள்!

கதவை விரியத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். "யாராவது வாங்க! சீக்கிரம்!"

தலைமை நர்ஸ் முன்னால் ஓடிவர, அவள் பின்னால் பாதி வார்டே திரண்டு வந்தது. "என்னடி, நாடி இருக்கா?" என்று தலைமை நர்ஸ் டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான். என்னை இந்த மருந்தோட தனியா விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் இதுக்கு அடிமையா இருந்தவ. நீங்களே கொட்டிடுங்க."

அவள் பழைய கதை தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. கூசிக் குறுகிப்போவோம் என்று நினைத்திருந்தாள். மாறாக, நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

டிரைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நான் போய்ச் சேர்ந்துட்டேனோன்னு பயந்துட்டேன் சிஸ்டர்!"

தலைமை நர்ஸ் மருந்தைக் கொட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். "அந்த டாக்டர் வரட்டும், வச்சுக்கறேன்," என்று பல்லைக் கடித்தவள், இவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். "நீ ஜெயிச்சுட்டடி!"

மத்தியானம் கணவனுக்கு போன் போட்டாள். "என்னங்க, இன்னைக்கு வார்டுல கத்திட்டேன்."

"ஐயோ, யார்கிட்ட?"

நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீ வீட்டுல என்கிட்டதான் கத்துவேன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியையே கூட்டிட்டியே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்தாள்.